தண்ணீர் குடிக்கச் சொல்லும்போது கழிப்பறையையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று உங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் அடிக்கடி எழுதுகிறீர்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் படிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு ஒன்று சொல்லத் தோன்றும், அப்புறம் வேலையில் மறந்துபோகும், இன்றைக்கு உட்கார்ந்து எழுதியே விடுகிறேன். தண்ணீர் நல்லது என்று தெரியாதவர்கள் யாருமே இல்லை. தெரிந்தும் குடிக்காமல் இருப்பவர்கள்தான் அதிகம், அதிலும் பெண்கள், அதிலும் வேலைக்குப் போகிற பெண்கள் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். குடித்தால் போக வேண்டி வரும்.

நான் பள்ளி ஆசிரியை, இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. காலையில் கிளம்பும்போது ஒரு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர் எடுத்துப் போவேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் கால் பாட்டில்கூடக் குறைந்திருக்காது. மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு மறுநாள் புதிதாகப் பிடித்துக்கொள்வேன். இப்படியே வருடக்கணக்கில். தாகம் எடுக்காமல் இல்லை. ஒரு பீரியட் முடிந்து அடுத்த வகுப்புக்கு மாடி ஏறுவதற்கே நேரம் சரியாக இருக்கும், ஆசிரியைகளுக்கான கழிப்பறையோ கட்டடத்தின் மறுகோடியில், எப்போது போனாலும் வரிசை, அதனால் தொண்டை காய்ந்தால் வாய் நனைய இரண்டு மடக்கு குடித்துவிட்டு மூடி வைத்துவிடுவேன். அதையே ஒரு சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு நெற்றியைச் சுற்றித் தலைவலி வரும். வார முதல் நாள் கணீரென்று இருக்கும் குரல் வாரக் கடைசியில் கரகரத்துவிடும். காலையில் வயிறு சரியாக இளகாது. இதெல்லாம் இந்த வேலைக்கு உள்ளதுதான் என்று விட்டுவிட்டேன். நீர்க்கடுப்பு வந்த பிறகுதான் விழித்துக்கொண்டேன், அதுவும் முதல் தடவையிலேயே அல்ல. ஒரே வருடத்தில் மூன்று முறை வந்தது. வந்தவர்களுக்குத் தெரியும் அது என்ன வேதனை என்று. சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டு போகும், போய்விட்டு வந்து உட்கார்ந்த உடனே மறுபடியும் போக வேண்டும்போல் இருக்கும், முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் அந்த நிலைமையில் நின்று பாடம் நடத்திப் பாருங்கள்.

மூன்றாவது முறை பார்த்த டாக்டர் அம்மா மாத்திரை எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார். “எத்தனை டம்ளர் தண்ணி குடிக்கிறீங்கன்னு நான் கேட்க மாட்டேன் டீச்சர், எல்லாரும் கூட்டித்தான் சொல்வாங்க. காலையில கிளம்பினதிலிருந்து சாயங்காலம் வீடு திரும்பற வரைக்கும் எத்தனை தடவை பாத்ரூம் போவீங்க, அதைச் சொல்லுங்க.” யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவை. சில நாள் அதுவும் கிடையாது.

அவர் சொன்னது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கிருமி வெளியிலிருந்துதான் சிறுநீர்ப்பைக்கு ஏறுகிறது, பெண்களுக்கு அந்த வழி மிகக் குட்டை என்பதால் சுலபமாக ஏறிவிடும். ஏறிய கிருமியை அவ்வப்போது அலசி வெளியே தள்ளுவது சிறுநீர்தான். நாம் குடிக்காமலும் போகாமலும் அடக்கி வைத்தால் அது உள்ளேயே உட்கார்ந்து பெருகுகிறது. இது வெறும் வீட்டு வைத்தியப் பேச்சு இல்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை ஒரு வருடம் கவனித்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. பாதிப் பேர் வழக்கம்போல் இருந்தார்கள், மீதிப் பேர் தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களுக்கு அந்த வருடத்தில் சராசரியாக 3.2 முறை வந்தது, கூடக் குடித்தவர்களுக்கு 1.7 முறைதான். வேறு மருந்து எதுவும் இல்லை, தண்ணீர் மட்டும்தான் வித்தியாசம். ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டிய தேவையும் அவர்களுக்குக் குறைந்தது. (வந்துவிட்ட நீர்க்கடுப்புக்குத் தண்ணீர் குடித்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல், முதுகுவலி, ரத்தம் என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.)

அப்புறம்தான் நான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நம் சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகிறது. அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து இரண்டு லிட்டரை மட்டும் வெளியே விடுகிறது. நாம் குறைவாகக் குடித்தால் மூளை அதைக் கண்டுகொண்டு வாசோபிரசின் என்கிற ஹார்மோனைச் சுரந்து, விடாதே, பிடித்து வை என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. அதுவும் பிடித்து வைக்கிறது. ஆனால் கழிவை வெளியேற்ற எப்படியும் நாளுக்கு அரை லிட்டராவது சிறுநீர் வேண்டும், அதற்குக் கீழே குறைக்க முடியாது, அதனால் இருக்கிற கொஞ்ச நீரிலேயே எல்லா உப்பையும் அடைத்து அனுப்புகிறது. அடர்ந்த உப்புநீர் படிகமாகத்தானே செய்யும். சிறுநீரகக் கல் உருவாவது அப்படித்தான். முதன்முறை கல் வந்தவர்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து இத்தாலியில் செய்த ஆய்வு 1996-ல் வந்தது. நாளுக்கு இரண்டு லிட்டராவது சிறுநீர் போகும்படி குடித்தவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குத்தான் மறுபடி கல் வந்தது, மற்றவர்களில் நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு. கல் வலியில் ஒருவர் சுருண்டு கிடப்பதை நேரில் பார்த்தவர்கள் இந்த வித்தியாசத்தைச் சாதாரணமாக நினைக்க மாட்டார்கள்.

டாக்டர் அம்மா சொன்னபடி நான் பாட்டிலைக் காலி செய்ய ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் தலைவலி பெரும்பாலும் நின்றுவிட்டது. எல்லாத் தலைவலியும் தண்ணீரால் போகும் என்றில்லை, என்னுடையது உடம்பு காய்ந்து வந்த தலைவலி, அவ்வளவுதான். குரல்தான் எனக்கு ஆச்சரியம். பேசும்போது பெண்களின் குரல்நாண், அதாவது தொண்டையில் குரலை எழுப்பும் இரண்டு மடிப்புகள், நொடிக்கு ஏறக்குறைய இருநூறு முறை ஒன்றோடொன்று மோதி அதிர்கிறதாம். ஐந்து பீரியட் பேசினால் எத்தனை லட்சம் மோதல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த இடம் ஈரமாக, வழவழப்பாக இருந்தால்தான் தாங்கும். நாம் குடிக்கிற தண்ணீர் நேராகக் குரல்நாண்மேல் போய் விழுவதில்லை, விழுந்தால் புரையேறிவிடும். அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, அங்கிருந்துதான் தொண்டைக்கு ஈரமாக வந்து சேர வேண்டும். அதனால் குரல் கட்டிய பிறகு குடித்துப் பயனில்லை, வகுப்புக்கு முன்னாலேயே குடித்திருக்க வேண்டும். இது தெரியாமல் இத்தனை வருடம் மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தேன்.

வயிற்று விஷயமும் அப்படித்தான். உடம்புக்கு நீர் போதாதபோது பெருங்குடல் மலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது, அது இறுகிவிடுகிறது. ஆனால் ஏற்கெனவே போதுமான அளவு குடிப்பவர் இன்னும் இரண்டு லிட்டர் சேர்த்துக் குடித்தால் மலச்சிக்கல் தீராது, அவர் வேறு காரணத்தைத்தான் தேட வேண்டும்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எழுபத்தெட்டு வயது. ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவர் கிறுகிறுத்து அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாக்கைப் பார்த்தேன், காய்ந்து, நடுவில் கோடு கோடாக வெடித்திருந்தது. தண்ணி குடிச்சியாம்மா என்றால், “தாகம் எடுக்கலையேடி” என்றார். பொய் இல்லை. வயதாக ஆக தாக உணர்வு மங்கிவிடும், சிறுநீரகமும் நீரைப் பிடித்து வைப்பதில் தளர்ந்துவிடும், இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஆனால் கொஞ்சம் தோண்டிக் கேட்டதும் இன்னொன்றும் வந்தது: “ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கணும், இருட்டில விழுந்து வச்சா உனக்குத்தானே கஷ்டம்.” ஆக அவரும் என்னைப் போலவே கழிப்பறையை நினைத்துத்தான் தண்ணீரைக் குறைத்திருக்கிறார்! விழக் கூடாது என்று பயந்து குடிக்காமல் இருந்தவருக்குக் குடிக்காததாலேயே கிறுகிறுப்பு வந்து விழப் பார்த்ததை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஒரு ஏற்பாடு செய்தோம். அம்மாவுக்குத் தண்ணீரில் பெரும்பங்கு காலையிலும் மதியத்திலும், சாயங்காலத்துக்கு மேல் கொஞ்சமாக, மாத்திரைக்கு மட்டும். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையோரமாக ஒரு சின்ன இரவு விளக்கு, உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. நான் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று நாள் முழுவதும் நச்சரித்ததைவிட அந்த விளக்கும் கம்பியும்தான் அவரைக் குடிக்க வைத்தன.

நாளுக்கு எட்டு டம்ளர் குடிக்க வேண்டும் என்கிற கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1945-ல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் ஒருவருக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் நீர் தேவை என்று சொல்லி, அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் அடுத்த வரியில் எழுதியது. அந்த அடுத்த வரியை எல்லோரும் விட்டுவிட்டார்கள், எண்ணிக்கை மட்டும் தங்கிவிட்டது என்று சொல்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் பெண்களுக்கு இரண்டு லிட்டர், ஆண்களுக்கு இரண்டரை லிட்டர் என்று சொன்னதும் சாப்பாட்டில் உள்ள நீர், மற்ற பானங்கள் எல்லாம் சேர்த்துத்தான். வெயிலில் வேலை செய்கிறவருக்கு இது போதாது, பாலூட்டும் தாய்க்கும் போதாது. உட்கார்ந்த இடத்தில் வேலை செய்கிறவருக்குக் குறைவாகவே போதும். எல்லோருக்கும் ஒரே எண் என்று எழுதாதீர்கள். சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அது எல்லோருக்கும் புரியும். இளம் மஞ்சளாக இருந்தால் சரி, அடர் மஞ்சளாக, பழுப்பாக இருந்தால் குடித்தது போதவில்லை. பி வைட்டமின் மாத்திரை சாப்பிடும் நாட்களில் மட்டும் எவ்வளவு குடித்தாலும் பளிச்சென்ற மஞ்சளாகத்தான் போகும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அதோடு, நிறையத் தண்ணீர் ஆகாதவர்களுக்கு வேண்டாம் என்றும் எழுதுங்கள். இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் குடிக்கக் கூடாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், தண்ணீர் தேவையில்லை. நல்ல ஆரோக்கியமான ஆளும் ஒரேயடியாக லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் என்கிற உப்புச்சத்து நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்ததுதான் முக்கியக் காரணம். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதுதான் உடம்புக்கு ஏற்றது.

சரி, என் வகுப்புக்கு வருகிறேன். போன வருடம் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் பாட்டில்களைச் சாயங்காலம் ஒரு நாள் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் கனமாக இருந்தன. என் பாட்டில் இருபது வருடம் இருந்த கனம்! ஏன் குடிக்கவில்லை என்று கேட்டதற்கு முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள், “பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை மிஸ், யாராவது கூட வந்து பிடிச்சுக்கணும்.” நடுவகுப்பில் கேட்டால் சில ஆசிரியர்கள் அனுப்புவதில்லை என்றாள் இன்னொருத்தி. அந்தச் சில ஆசிரியர்களில் நானும் இருந்திருக்கிறேன், இப்போது அதற்காக வருந்துகிறேன். தாழ்ப்பாள் போட மூன்று முறை எழுதிக் கொடுத்து, நேரில் போய் நின்று, கடைசியில் போட்டாகிவிட்டது. மூன்றாவது பீரியட் முடிந்ததும் ஐந்து நிமிடம் விடுகிறேன், கேட்காமலே போய்வரலாம். இப்போதெல்லாம் மதியத்துக்குள் பாட்டில்கள் காலியாகி மறுபடி பிடிக்கப் போகிறார்கள்.

அதனால் ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை உங்கள் நிருபர் தண்ணீரின் நன்மைகளை எழுத உட்காரும்போது டாக்டரிடம் கேட்பதோடு நிறுத்த வேண்டாம். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிற பெண்களிடம், பேருந்து ஓட்டுகிறவர்களிடம், பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம், வீட்டில் இருக்கும் வயதானவர்களிடம் போய், நீங்கள் கடைசியாக எப்போது பாத்ரூம் போனீர்கள், அடுத்து எப்போது போக முடியும் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே அச்சில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஒரு பள்ளி ஆசிரியை