உன் மகன் லோ-பெட் வாங்குவதற்கு முன்

சங்ககிரி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கே நீயும் தங்கச்சியும் நலம் என்று உன் சம்பந்தி சொல்லித் தெரிந்துகொண்டேன். உன் கடிதம் வந்து பொங்கலும் போய்விட்டது, நான் பதில் போடவில்லை. திட்ட வேண்டுமானால் திட்டிக்கொள். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் என்றைக்காவது என்னை முழுதாகப் பேச விட்டிருக்கிறாயா? கடிதம் என்றால் நீ குறுக்கே விழ முடியாது.

பையன் கனரக எந்திரம் ஏற்றுகிற தாழ்தள வண்டி, அதாவது லோ-பெட் டிரெய்லர் வாங்கப் போகிறான், நல்ல தொழிலா என்று கேட்டிருந்தாய். நல்ல தொழில்தான். உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலையும் கல்குவாரியும் இருக்கிற வரை வாடகைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நீயும் நானும் ஓட்டியதை மனதில் வைத்து அவனுக்கு யோசனை சொல்லிவிடாதே. சிமெண்டும் வெங்காயமும் நம்மைக் கொல்லப் பார்த்ததில்லை.

போன வாரம் தொப்பூரில் பார்த்ததைச் சொல்கிறேன். அதற்காகத்தான் இன்று பேனாவைக் கையில் எடுத்தேன்.

தர்மபுரியிலிருந்து காலி வண்டியோடு இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு லோ-பெட், அதன்மேல் பழைய பொக்லைன். வளைவில் வண்டி திரும்பியபோது பொக்லைனின் மேல்பாதி மட்டும் மெதுவாகத் தானாகத் திரும்பியது. கீழே சக்கரத்துக்குப் பதிலாக ஓடுகிற இரும்புப் பட்டை அப்படியே இருக்கிறது, மேலே கேபினும் பின்பக்க இரும்புக் குண்டும் சுழல்கின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குண்டு ஒரு கை நீளம் பக்கத்துத் தடத்துக்குள் நீட்டிக்கொண்டது. அந்தத் தடத்தில் ஒரு பஸ். பஸ்காரர் ஹாரனை விடாமல் அடிக்கிறார். லோ-பெட் டிரைவர் வழி கேட்கிறார்கள் என்று நினைத்துக் கையை வெளியே போட்டுப் போகச் சொல்கிறான்!

இறக்கம் முடிந்து அகலமான இடம் வந்ததும் முந்திப் போய் நிறுத்த வைத்தேன். ஏறிப் பார்த்தால், மேல்பாதியைப் பூட்டுகிற ஆணி போடும் துளையில் ஒரு வெல்டிங் கம்பி செருகியிருக்கிறது. கம்பி வளைந்து நெளிந்து கிடந்தது. பட்டைக்குப் பின்னால் ஒரே ஒரு சங்கிலி. பூம் என்கிற நீண்ட கைக்கும் பக்கெட்டுக்கும் ஒன்றுமில்லை. டிரைவருக்கு உன் மகன் வயதுதான் இருக்கும். "இருபது டன் அண்ணா, அது எங்கே போகும்? தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கும்" என்றான்.

மாப்பிள்ளை, இந்த ஒரு வாக்கியத்தை உன் மகன் வாயிலிருந்து வராமல் பார்த்துக்கொள்.

எந்திரம் தன் எடையில் உட்கார்ந்திருக்காது. பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்கும், எந்திரம் நிற்க விரும்பாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் காற்றாலைப் பாகம் ஏற்றப் போனபோது அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருந்த ஒரு பெண் இதை அட்டைப் பெட்டியின் மேல் பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டினாள். (நீ இருந்திருந்தால் மீசையை முறுக்கிக்கொண்டு எதிர்வாதம் பண்ணியிருப்பாய்.) ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வைத்திருக்கிற கணக்கு ஒன்றுதான். அடித்து நிறுத்தும்போது சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை முன்பக்கம் தள்ளும். வளைவில் பக்கவாட்டில் பாதிப் பங்கு. 20 டன் பொக்லைன் என்றால் முன்னால் 16 டன் தள்ளுகிறது. எதன்மேல் தள்ளுகிறது? உன் மகன் உட்கார்ந்திருக்கிற கேபின் மேல்.

அதைப் பிடிப்பது என்ன? இரும்புத் தளத்தில் இரும்புப் பட்டை. இடையில் சேறோ கிரீஸோ இருந்தால் உராய்வு எடையில் பத்தில் ஒரு பங்குதான், அதாவது 2 டன். மிச்சம் 14 டன்னைச் சங்கிலிதான் தாங்க வேண்டும். தரம் 80 முத்திரை போட்ட 10 மில்லிமீட்டர் சங்கிலி நேராக இழுத்தால் 6.3 டன் வரை தாங்கும் என்று ஐரோப்பாவில் வைத்திருக்கிறார்கள். நாம் எங்கே நேராகக் கட்டுகிறோம்? 45 பாகை சாய்த்துக் கட்டினால் பத்தில் ஏழு பங்குதான் கணக்கு, ஏறக்குறைய நாலரை டன். முன்னோக்கிய தள்ளலைப் பிடிப்பவை பின்னால் இழுத்துக் கட்டிய இரண்டு சங்கிலிகள் மட்டும். இரண்டுக்கும் சேர்த்து 9 டன். உராய்வையும் கூட்டினால் 11. போதவில்லை! நாலு மூலையிலும் நல்ல சங்கிலி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குகிறவனுக்கே 5 டன் குறைகிறது. ஒற்றைச் சங்கிலிக்காரனை என்ன சொல்ல?

13 மில்லிமீட்டர் சங்கிலி என்றால் 10 டன் தாங்கும், கணக்கு நேராகிவிடும். இல்லையென்றால் தளத்தைக் கழுவிக் காயவிட்டு நல்ல ரப்பர் விரிப்புப் போடலாம். காய்ந்த ரப்பர் எடையில் பாதிக்கு மேல் தானே பிடித்துக்கொள்ளும். நான் இரண்டையும் செய்கிறேன். ஏற்றுவதற்கு முன் பட்டையிலுள்ள சேற்றைக் கடப்பாரையால் குத்தி எடுக்காமல் எந்திரத்தைத் தளத்தில் ஏற விடுவதில்லை. ஆப்பரேட்டர்கள் என்னைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள்.

சந்தையில் கிலோ விலைக்குக் கிடைக்கிற முத்திரை இல்லாத சங்கிலியை உன் மகன் வாங்கினால் என்னிடம் சொல்லாதே. கொக்கியை எந்திரத்தில் அதற்கென்று விட்டிருக்கிற கண்ணில்தான் மாட்ட வேண்டும். ஏறும் படியிலும் ஹைட்ராலிக் சிலிண்டரிலும் மாட்டி வைத்திருப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். பக்கெட்டைத் தளத்தில் இறக்கி அதற்குத் தனிச் சங்கிலி. அமெரிக்க விதியில் நாலரை டன்னுக்கு மேற்பட்ட எந்திரத்துக்குக் குறைந்தது நாலு கட்டு, பக்கெட்டுக்கு வேறு கட்டு, புறப்பட்டு 80 கிலோமீட்டருக்குள் இறங்கி ஒருமுறை இறுக்கம் பார்த்தே ஆக வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஓடும்போது எந்திரம் அமரும், மரக்கட்டை நசுங்கும், இறுக்கமாக இருந்த சங்கிலி தொங்கும். சங்ககிரியில் கட்டினால் நான் சேலம் தாண்டுவதற்குள் இறங்கிப் பார்த்துவிடுவேன். நம் ஊரில் சங்கிலியை எண்ணிப் பார்த்த அதிகாரி ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. எண்ண வேண்டியவன் நீயும் உன் மகனும்தான்.

அதிகாரிகள் பார்ப்பது எடையையும் அகலத்தையும். இதில் பையன்கள் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. 2018இல் மத்திய அரசு அச்சு எடையை உயர்த்தியதும் மொத்த எடையின் உச்சவரம்பு 49 டன்னிலிருந்து 55 டன் ஆனது. இழுக்கிற புல்லர் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 20 டன் என்று வைத்தாலும், 20 டன் பொக்லைன் ஏற்றினால் நாற்பதைச் சுற்றித்தான் நிற்கும். எடைமேடையில் சிரித்துக்கொண்டே இறங்கலாம். ஆனால் சாலையில் ஓட அனுமதித்த அகலம் 2.6 மீட்டர். இந்த அளவுப் பொக்லைனின் அகலம் பெரும்பாலும் 2.8க்குக் குறைவதில்லை, அகலப் பட்டை போட்டது 3 மீட்டரைத் தொடும். அரைச் சாண் வெளியே நீட்டினாலும் நீட்டியதுதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு அபராதம் 20,000 ரூபாய், இறக்கும் செலவும் நம் தலையில். எடை கூடினாலும் அதே 20,000, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. எடை போட மறுத்து ஓடினால் 40,000. முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தால் அகலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அனுமதி கைக்கு வருவதற்கு நாளாகும். பார்ட்டிக்கு நாளை காலையில் குவாரியில் எந்திரம் வேண்டும்!

உண்மையான தொல்லை இங்கேதான் ஆரம்பிக்கிறது. தொப்பூர் சம்பவத்துக்கு இரண்டு நாள் கழித்து ஒரு பார்ட்டி வந்தார். 30 டன்னுக்கு மேற்பட்ட எந்திரம், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கரூர். "ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிவிடுங்கள், வழியில் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அனுமதி இல்லாமல், அதுவும் இருட்டில் அந்த அகலத்தைக் கொண்டு போக மாட்டேன் என்றேன். பழகிய மனிதர், முகம் வாடிப் போனார். மறுநாளே வேறு ஒருவன் எனக்குச் சொன்ன வாடகையைவிடக் குறைத்து எடுத்துக்கொண்டு போனதாகக் கேள்வி. என் மகள் சாப்பாடு போடும்போது, "வந்த லட்சுமியை விரட்டிவிட்டீர்கள்" என்றாள். நான் பேசாமல் சாப்பிட்டேன்.

எனக்குத் தவணை முடிந்துவிட்டது, அதனால் மறுக்க முடிந்தது. உன் மகனுக்கு முதல் மாதத்திலிருந்தே தவணை கழுத்தைப் பிடிக்கும். அப்போது அவனால் மறுக்க முடியுமா? இதுதான் என்னை உறுத்துகிறது, சங்கிலிக் கணக்கு இல்லை. அதை ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்வான். முழுக்கடனில் வண்டி எடுக்காதே என்று சொல். தாராபுரத்து வயலை விற்காமல் பாதிப் பணம் கையிலிருந்து போட வழியிருந்தால் வாங்கட்டும். இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் அடுத்தவர் வண்டியில் ஓட்டட்டும். நீ கோபப்படுவாய் என்று தெரியும். கோபப்பட்டுக்கொள்.

சித்திரை முதல் வாரத்தில் அவனை இங்கே அனுப்பு. என் வண்டியிலேயே உட்கார வைத்துக் கூட்டிப் போகிறேன். தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற கெட்ட பழக்கம் இருந்தால் முதல் நாளே தெரிந்துவிடும். டீசல் மிச்சம் என்று பேச ஆரம்பித்தால் பஸ் ஏற்றி உன்னிடமே திருப்பி அனுப்பிவிடுவேன். டிரெய்லர்காரர் கொடுத்த விலைப்பட்டியலைக் கையோடு கொண்டுவரச் சொல். தளத்தில் சங்கிலி மாட்டும் வளையம் எத்தனை, எங்கே பற்றவைத்திருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறதா பார்க்க வேண்டும். பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

முழங்கால் எப்படி இருக்கிறது? அந்த வைத்தியர் எண்ணெய்க்கு இன்னும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறாய் என்றால் உன்னிடம் இனி பேசுவதற்கில்லை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மச்சான்