அந்த மூன்று கட்டங்களுக்கு இன்னும் பத்து நிமிடம்: மேல்நிலை உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மரபுக்குறியீட்டு அட்டவணையின் 64 கட்டங்களில் ஒவ்வொன்றும் ஒரு கோடான், அதாவது புரதச் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவின் மூன்றெழுத்துச் சொல். அவற்றில் 61-க்கு அமினோ அமிலத்தின் பெயர் எழுதுகிறோம். மிச்சமுள்ள யுஏஏ, யுஏஜி, யுஜிஏ மூன்றிலும் "நிறுத்தம்" என்று எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். அங்கே இன்னும் பத்து நிமிடம் நில்லுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

"பொருளற்ற கோடான்" என்று இந்த முடிவுக் கோடான்களுக்கு வழங்கும் பெயரே மாணவரைத் திசைதிருப்புகிறது. அதற்குரிய கடத்து ஆர்என்ஏ (அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் மூலக்கூறு) இல்லை, ஆகவே புரதம் தானாக விழுந்துவிடும் என்று எழுதுகிறார்கள். கடத்து ஆர்என்ஏ வராவிட்டால் புரதத்தைக் கோக்கும் ரைபோசோம் சும்மா நிற்கும், அவ்வளவுதான். புரதச் சங்கிலி, ரைபோசோமில் அதைத் தாங்கும் பி இடத்திலுள்ள கடத்து ஆர்என்ஏவோடு எஸ்டர் பிணைப்பில் தொங்கிக்கொண்டே இருக்கும். அதை அறுக்க ஆள் வேண்டும். விடுவிப்புக் காரணி என்ற புரதம், அடுத்த கோடான் படிக்கப்படும் ஏ இடத்துக்குள் நுழைந்து, ஒரு முனையால் கோடானைப் படிக்கிறது. கிளைசின், கிளைசின், குளுட்டமின் கொண்ட மறுமுனை, பெப்டைடு பிணைப்பு உருவாகும் அதே மையம்வரை நீள்கிறது. அங்கே ஒரு நீர் மூலக்கூறு எஸ்டர் பிணைப்பைத் தாக்க, சங்கிலி விடுபடுகிறது. பாக்டீரியாவில் முதல் காரணி யுஏஏ, யுஏஜி இரண்டையும், இரண்டாவது யுஏஏ, யுஜிஏ இரண்டையும் படிக்கும். நம் செல்களின் சைட்டோபிளாசத்தில் மூன்றுக்கும் ஒரே காரணி.

விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் சில. முடிவுக் கோடான் டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ படியெடுத்தலை நிறுத்தாது. ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் செய்யும் மொழிபெயர்த்தலை மட்டுமே நிறுத்தும். தூது ஆர்என்ஏவின் கடைசி மூன்று எழுத்தும் அதுவல்ல. அதற்கப்பால் மொழிபெயர்க்கப்படாத பகுதியும், நம் செல்களில் பெரும்பாலும் அடினைன் வாலும் உண்டு.

வாசிப்புச் சட்டகத்தை, அதாவது எழுத்துகளைத் தொடக்கத்திலிருந்து மும்மூன்றாகப் பிரிக்கும் முறையை, மறப்பதுதான் பெரிய சிக்கல். ஏயுஜிசியுஏஏஜிசியுஜிஏ என்ற 12 எழுத்துகளைக் கொடுத்துப் பாருங்கள். ஐந்தாம் எழுத்திலிருந்து யுஏஏ கண்ணில் படும். பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். மும்மூன்றாகப் பிரித்தால் ஏயுஜி, சியுஏ, ஏஜிசி, யுஜிஏ: மெத்தியோனின், லியூசின், செரின், முடிவு. நான்கு கோடான்கள், மூன்றே அமினோ அமிலங்கள். இப்போது நான்காம் எழுத்தான சி-யை நீக்கச் சொல்லுங்கள். ஏயுஜிக்கு அடுத்ததே யுஏஏ ஆகிவிடும். சட்டகப் பிறழ்ச்சி ஏன் புரதத்தைக் குட்டையாக்குகிறது என்பதற்கு இதைவிட எளிய பயிற்சி எங்களுக்குத் தெரியவில்லை.

நோய்க்கு உதாரணம் ஹீமோகுளோபினிலேயே ஒரு ஜோடியாகக் கிடைக்கிறது. ஆல்ஃபா சங்கிலிக்கு 141 அமினோ அமிலங்கள், பிறகு யுஏஏ. கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் வகையில் அதன் யு, சி-யாக மாறி, சிஏஏ குளுட்டமினைக் குறிக்கிறது. ரைபோசோம் நிற்காமல் அப்பாலுள்ள பகுதிக்குள் ஓடி, 31 அமினோ அமிலங்களைக் கூடுதலாகச் சேர்த்த பிறகே அடுத்த முடிவைச் சந்திக்கிறது. அந்தத் தூது ஆர்என்ஏ நிலையற்றது. சங்கிலி மிகக் குறைவாகவே உருவாகிறது. விளைவு ஆல்ஃபா தலசீமியா என்ற இரத்தசோகை நோய். பீட்டா சங்கிலியின் 39-ஆம் கோடானில் நடப்பது நேரெதிர்: சிஏஜியின் சி, யு ஆகி, யுஏஜி வந்துவிடுகிறது. இங்கே குட்டைப் புரதம் குவிவதில்லை. முடிவு முன்கூட்டியே வந்ததைக் கண்டுகொண்டு, செல் அந்தத் தூது ஆர்என்ஏவையே பெருமளவு சிதைத்துவிடுகிறது. அதனால் பீட்டா சங்கிலியே கிடைக்காமல் போகிறது.

வினாத்தாள் அமைப்போரிடம் ஒரு வேண்டுகோள்: "எல்லா உயிரிகளிலும் மூன்றும் முடிவைக் குறிக்கும்" என்பதைச் சரியான விடையாக வைக்காதீர்கள். நம் மைட்டோகாண்ட்ரியாவிலேயே யுஜிஏ டிரிப்டோஃபேனைக் குறிக்கிறது. டெட்ராஹைமீனா என்ற ஒருசெல் உயிரியில் யுஏஏ, யுஏஜி இரண்டும் குளுட்டமின்.

அட்டையில் மாதிரி செய்யும்போது ரைபோசோம், கடத்து ஆர்என்ஏக்களோடு விடுவிப்புக் காரணிக்கும் ஒரு துண்டு வெட்டுங்கள். வேறு நிறம், கடத்து ஆர்என்ஏவின் உயரம், நுனியில் அமினோ அமிலம் கிடையாது. முடிவுக் கோடான் ஏ இடத்துக்கு வந்ததும் அந்தத் துண்டை மாணவரே செருகி, சங்கிலியைத் தன் கையால் கழற்றட்டும்.

இப்படிக்கு,
மூலக்கூறு உயிரியல் கற்பிப்போர்