இந்த நாவலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட ஒரு தாயையும் அவளுடைய பிள்ளைகளையும் பற்றிய என் நாவல் அச்சாகி வந்துவிட்டது. அந்த இடப்பெயர்வின் பெரிய விஷயங்கள் எல்லாருக்கும் தெரியும்: ஒலிபெருக்கி அறிவிப்பு, கொட்டும் மழை, கிழக்கே தென்மராட்சியை நோக்கி இலட்சக்கணக்கான சனம், நாவற்குழிப் பாலத்தில் நெரிசல். அந்தச் சனத்துக்குள் ஒரு தாய் எதைக் கையில் எடுத்தாள், எதை விட்டுவிட்டு வந்தாள், யார் மீது எரிந்து விழுந்தாள் என்பதை ஆட்கள் சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொன்னவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் மாமிக்கு. பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. காணி உறுதியையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும் சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டதைச் சொன்னீர்கள். முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் திரும்ப முடியாமல் தெருவில் நின்றபோது, தண்ணீர் கேட்டு அழுத சின்னவனுக்கு முதலில் முதுகில் இரண்டு போட்டுவிட்டு, அப்புறம் குடையைத் தலைகீழாகப் பிடித்து, அதில் சேர்ந்த மழைத் தண்ணீரைப் பருக்கியதையும் சொன்னீர்கள். "அடிச்சதையும் எழுது பிள்ளை" என்றீர்கள். எழுதியிருக்கிறேன். போர்க்காலத்து அம்மா என்றாலே தியாகச் சுடராக்கி மாலை போட்டுவிடுகிற நம் பழக்கம் எனக்கு ஒத்துவருவதில்லை. என் நாவலின் அம்மா கோபக்காரி. அரிசியை அளந்து பார்ப்பவள். அந்த இரவிலும் மாமியாரோடு வாய்த்தர்க்கம் பண்ணுபவள். அவளை அப்படியே விட்டுவைக்கும் துணிச்சல் உங்களிடமிருந்து வந்தது.

அரசின் பொருளாதாரத் தடைக்கால வீட்டை எனக்குக் காட்டியவர்கள் இருவர். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது உறிஞ்சும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கை அவர் செய்தே காட்டினார். சவர்க்காரம் கிடைக்காமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்த கதையும் அவருடையதுதான். காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டையை மாடு வந்து சப்பிவிட்டதாம்! அதை நாவலில் அப்படியே எடுத்துக்கொண்டேன், ரீச்சர் கோபிக்கக் கூடாது. மற்றவர் சைக்கிள் கடை அண்ணை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட விதத்தை விளக்கினார். சுற்றுகிற கை களைத்தால் செய்தியும் களைத்துப்போகும் என்றார். ஆறாம் அத்தியாயத்தில் மகன் பெடல் சுற்ற, அம்மா காது வைத்துக் கேட்கும் இடம் அண்ணை தந்தது.

'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக வருடி ஏற்றிவைக்கும் தன்னார்வலர்களுக்கு நன்றி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த ஊர்க்காரருக்கு அந்த வேலையின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்குப் போனபோது, ஊருக்குத் திரும்புவதா, கிளாலிக் கடலேரியைத் தாண்டி வன்னிக்குப் போவதா என்று குடும்பங்கள் இரண்டுபட்டன. நாவலின் இரண்டாம் பாகம் அந்தப் பிரிவில்தான் நிற்கிறது. அம்மா மகளோடு ஊருக்குத் திரும்புகிறாள், மகன் படகேறுகிறான். அவன் சரி, இவள் பிழை என்றோ, அல்லது மறுவளமாகவோ ஒரு தீர்ப்பு எழுத எனக்கு மனம் வரவில்லை. அப்படிப் படகேறிய ஒருவர் தன் கதையை ஒரு பின்னேரம் முழுக்க இருந்து சொன்னார். சொல்லி முடித்ததும், சிலதை எழுத வேண்டாம் என்றார். அவை நாவலில் இல்லை. நம்பிச் சொன்னதற்கு நன்றி, தம்பி.

என் தொகுப்பாசிரியர் பொல்லாதவர். ஈர விறகில் சோறு எவ்வளவு நேரத்தில் வேகும், மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பாய் போதுமா என்றெல்லாம் ஓரத்தில் எழுதி அனுப்புவார். அழுகை கூடிய இடங்களையெல்லாம் வெட்டினார். சண்டை பிடித்தேன், ஆனால் வெட்டியது நல்லதுதான். யாழ்ப்பாணப் பேச்சைத் 'திருத்தாமல்' விட்ட மெய்ப்பு பார்த்தவருக்கும், அட்டையில் துப்பாக்கியும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம் என்றதைக் கேட்டு வெறும் சைக்கிள் கரியரை வரைந்து தந்த ஓவியருக்கும் என் அன்பு. வீட்டாருக்குத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

கதை சொன்ன எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரதி இந்த மாதம் தபாலில் வரும். வீடு மாறியவர்கள் புது முகவரியைப் பதிப்பகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். மாமி, உங்களுடையதைப் பெரிய எழுத்தில் தனியாக அச்செடுத்துக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
நாவலாசிரியை