ரஸ்க் கவரில் தமிழ் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆக்சசரீஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். எல்.கே.ஜி. படிக்கும் மகளும் 14 மாத மகனும் இருக்கிறார்கள். காலை எட்டரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்புவதற்கு இரவு ஏழு மணியாகும், ஷிப்மெண்ட் நெருங்கும் நாட்களில் ஒன்பதுகூட ஆகிவிடும் என்பதால், பிள்ளைகளுக்கு எதை வாங்குவது, எதைக் கொடுப்பது என்ற முடிவுகளில் பாதிக்கு மேல் என் மாமியாரின் பொறுப்பில்தான் இருக்கின்றன. அத்தை எட்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். காலையில் தினசரியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த பிறகே அடுப்படிக்குள் நுழைவார். பத்திரிகையில் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால்கூடக் கண்டுபிடித்துச் சொல்வார். அப்படிப்பட்டவரை மளிகைக் கடைக்குள் எழுத்தறியாதவராக்கி நிறுத்தும் ஒரு வழக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சின்னவனுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாது. எட்டாவது மாதத்தில் இது தெரியவந்தபோது, தயிர், வெண்ணெய், பால் பவுடர் என எந்த வடிவத்திலும் கொடுக்க வேண்டாம் என்றும், பல குழந்தைகளுக்கு வளர வளர இது தானாகவே விலகிவிடும், அதுவரை எச்சரிக்கையாக இருந்தால் போதும் என்றும் மருத்துவர் சொன்னார். வீட்டில் செய்து கொடுப்பதில் எங்களுக்குச் சிரமம் இல்லை. முளைகட்டிய ராகியை வறுத்து அரைத்த மாவில் கூழ், பாசிப்பருப்புக் குழைந்த சாதம், அவித்த நேந்திரம் பழம் என்று அத்தையின் கைப்பக்குவத்திலேயே அவன் தேறிவிட்டான். சிக்கல் கடைப் பொருளில் வந்தது.

மூன்று மாதங்களுக்கு முன்னால், பல் முளைக்கிற பிள்ளைக்குக் கடிக்க ஏதாவது வேண்டுமே என்று அத்தை தெருமுனைக் கடையில் ஒரு ரஸ்க் பாக்கெட் வாங்கியிருக்கிறார். கவரின் முன்பக்கத்தில் கோதுமைக் கதிர் இருந்தது, பால் செம்போ மாடோ எதுவும் இல்லை. வெந்நீரில் நனைத்து அரை ரஸ்க் ஊட்டியிருக்கிறார். அரை மணி நேரத்துக்குள் பிள்ளையின் வாயைச் சுற்றியும் கழுத்திலும் சிவந்த தடிப்புகள் எழும்பி, நான் கம்பெனியிலிருந்து ஆட்டோ பிடித்துப் போவதற்குள் கண் இமைகளும் வீங்கியிருந்தன. ஊசி போட்டு, இரவு முழுவதும் மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். மூச்சுத் திணறல் வராததால் பிழைத்தோம். கவரைத் திருப்பிப் பார்த்தால், பால், கோதுமை ஆகியவை அடங்கியுள்ளன என்ற ஒவ்வாமை எச்சரிக்கை அங்கே இருக்கத்தான் செய்தது, ஆனால் ஆங்கிலத்தில் மட்டும். “படம் எதும் இல்லியே கண்ணு, பாத்துத்தானே வாங்குனேன்” என்று அத்தை மூன்று நாள் சோறு இறங்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்துத்தான் வாங்கினார், வாசித்து வாங்க அவருக்கு வழியில்லை. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம், அது விதியை மீறவில்லை என்பதுதான்.

விதி என்ன சொல்கிறது என்பதைத் தேடிப் படித்தேன். பொட்டலப் பொருள்களின் விலை, எடை, தயாரித்த மாதம் போன்றவற்றைக் குறிப்பிடுவதற்கான 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளும், உணவுப் பொருள்களின் லேபிளுக்கென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்த 2020ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளும் ஒரே விஷயத்தைத்தான் கூறுகின்றன: விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியிலோ இருக்க வேண்டும், வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை. ‘தடையில்லை’ என்ற ஒரு சொல்லை நம்பித்தான் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் பாதுகாப்பு நிற்கிறது. கடையின் பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்று நம் மாநில விதி வலியுறுத்துகிறது, நல்லதுதான். பலகையை வாசித்துவிட்டு உள்ளே போகும் பெண், அலமாரியில் இருப்பதை வாசிக்க முடியாமல் நிற்கிறாள்.

இது என்னைக் கூடுதலாக உறுத்துவதற்கு என் வேலையும் ஒரு காரணம். ஐரோப்பாவுக்குப் போகும் டி-சர்ட்டுகளின் உட்பக்கத் தையலில் வைத்துத் தைக்கும் வாஷ் கேர் லேபிள்களைச் சரிபார்ப்பது என் அன்றாடப் பணி. ‘95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் எலாஸ்டேன்’ என்ற ஒரே வரி, ஜெர்மன்காரருக்கு பௌம்வொல்லே என்றும், ஸ்பானியருக்கு அல்கொதோன் என்றும், போலந்துக்காரருக்கு பவெவ்னா என்றும் அந்தச் சின்னத் துணித்துண்டுக்குள் திரும்பத் திரும்ப வரும். ஓர் எழுத்தின் மேலுள்ள புள்ளி தவறினாலும் பையர், அதாவது சரக்கை வாங்குபவர், ஏற்க மாட்டார், லாட் முழுவதற்கும் லேபிளைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியதுதான். அன்பினால் அவர்கள் இதைச் செய்யவில்லை. துணியில் என்ன இழை இருக்கிறது என்பது விற்கப்படும் நாட்டின் மொழியில் இருந்தாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் சட்டம் வைத்திருக்கிறது. உணவுப் பொருளுக்கும் அதே ஆண்டில் இன்னொரு சட்டம் வந்தது: விற்கப்படும் நாட்டின் நுகர்வோர் எளிதில் புரிந்துகொள்ளும் மொழியில் விவரம் இருக்க வேண்டும் என்கிறது அது. போலந்தில் ஒருவர் உடுத்தும் பனியனில் என்ன நூல் என்பதை அவர் மொழியில் பிழையின்றித் தைத்து அனுப்புகிற திருப்பூரில், எங்கள் பிள்ளையின் வாய்க்குள் போவது என்ன என்பதை எங்கள் மொழியில் எழுத முடியவில்லை என்றால் நான் எப்படி நம்புவேன்?

ஒவ்வாமை எல்லா வீட்டிலும் இருக்காது, சர்க்கரை எல்லா வீட்டிலும் இருக்கிறது. மகளுக்காக நான் அடிக்கடி வாங்கிவந்த ஒரு ராகி பிஸ்கட்டின் பின்பக்கத்தை, ரஸ்க் சம்பவத்துக்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் வரும்படி இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. அந்தப் பட்டியலில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, பிறகு பாமாயில், அதற்கும் கீழேதான் ராகி. இன்வெர்ட் சிரப் என்று தனியாக ஒன்று இருந்ததே, அதுவும் சர்க்கரைதான். ஆங்கிலம் படித்த நானே இரண்டு ஆண்டுகளாக முன்பக்கப் படத்தைப் பார்த்து ஏமாந்தவள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசையில் முதலில் ‘மைதா’ என்று தமிழில் இருந்திருந்தால் அத்தை முதல் நாளே அதைத் தூக்கி வைத்திருப்பார், எங்கள் வீட்டில் மைதாவுக்கு அவ்வளவு எதிர்ப்பு.

நிறுவனங்கள் என்ன சொல்லும் என்பதும் தெரியாததல்ல. ஒரே கவர்தான் நாடெங்கும் போகிறது, மாநிலத்துக்கு ஒன்றாக அச்சிட்டால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர், அதாவது அச்சு உருளை, செய்ய வேண்டும், செலவு ஏறும், ஐந்து ரூபாய் பாக்கெட்டில் இடமும் இல்லை என்பார்கள். இடம் பற்றிய வாதத்தில் நியாயம் இருக்கிறது, இருபத்திரண்டு மொழிகளையும் ஒரு கவரில் திணிக்கச் சொல்வதற்கில்லை. செலவு பற்றிய வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இதே பண்டங்களுக்கு மாலை நேரத் தொலைக்காட்சியில் வரும் விளம்பரம் நல்ல தமிழில் இருக்கிறது, பேருந்து நிழற்குடையில் ஒட்டும் படத்திலும் தமிழ் இருக்கிறது. விற்பதற்குக் கிடைக்கும் தமிழ் எச்சரிப்பதற்குக் கிடைக்காமல் போவது அச்சுச் செலவினால் அல்ல. க்யூ.ஆர். குறியீடு போட்டால் தீர்ந்தது என்று சொல்பவர்களுக்கு ஒன்று: அத்தையிடம் இருப்பது பட்டன் போன்.

இதை வெறும் மொழிப்பற்றாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்து வந்து இங்கே தையல் வேலை பார்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அதில் ஒரு பெண்ணுக்கு என் மகன் வயதில் ஒரு குழந்தை. அவள் ஒடியா வாசிப்பாள், ஆங்கிலமும் இந்தியும் அவளுக்கு வாசிக்க வராது. ஆக, அவள் பிறந்த ஊரிலும் இதே நிலைதான். அந்தந்த மாநிலத்தில் விற்கும் பொருளில் அந்தந்த மாநில மொழி இருந்தால் புவனேஸ்வரத்தில் இருக்கும் அவளுடைய தாய்க்குப் பயன்படும், இங்கே அத்தைக்குப் பயன்படும். இடம்பெயர்ந்து வந்த அவளுக்கு அப்போதும் தீர்வில்லை என்பது உண்மை, எதற்கும் படமாக ஓர் ஒவ்வாமைக் குறி இருந்தால் நல்லது. சைவத்துக்குப் பச்சைப் புள்ளி வைத்ததுபோல், பாலுக்கும் நிலக்கடலைக்கும் முட்டைக்கும் ஆளுக்கொரு குறி வைப்பது அப்படியொன்றும் முடியாத காரியமல்ல.

என் கோரிக்கை பெரிதல்ல. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மனத்தில் வைத்து விற்கப்படும் உணவிலும், பிஸ்கட், ரஸ்க், பால் கலவைப் பொடி போன்றவற்றிலும், ஒவ்வாமை வரி, காலாவதித் தேதியின் தலைப்பு, முதல் மூன்று சேர்மானங்கள் ஆகியவற்றை மட்டுமாவது விற்கும் மாநிலத்தின் மொழியில் கட்டாயமாக்க வேண்டும். சிலிண்டர் மாற்றுவது பாரமென்றால், இறக்குமதிப் பொருள்களில் ஒட்டுகிறார்களே, அதுபோல் ஸ்டிக்கராகக்கூட ஒட்டட்டும். காலாவதித் தேதியைக் கவரின் மடிப்புக்குள் கருநீலத்தின் மேல் கறுப்பில் அடிக்கும் வழக்கத்தையும் அப்படியே நிறுத்தினால் ஆங்கிலம் தெரிந்தவர்களும் வாழ்த்துவார்கள். விதியைத் திருத்தும் அதிகாரம் டெல்லியில் இருக்கிறது என்றாலும், நம் மாநில உணவுப் பாதுகாப்புத் துறை இதை எழுத்து மூலம் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆணையம் தன் வரைவுகளை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்பதும் வழக்கம்தான். அடுத்த முறை அப்படியொரு வரைவு வரும்போது அதன் சாரத்தைத் தமிழில் தங்கள் இதழ் வெளியிட்டால், என்னைப் போன்றவர்கள் கடிதம் எழுதத் தயாராக இருக்கிறோம்.

அதுவரை நாங்கள் செய்திருக்கும் ஏற்பாடு இது: பால் என்பதற்கான நான்கு ஆங்கில எழுத்துகளை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி அத்தையின் சுருக்குப்பையில் வைத்திருக்கிறேன். கடையில் கவரைத் திருப்பி, அட்டையைப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்குகிறார். பால் புரதத்துக்கு வே, கேசின் என்று வேறு பெயர்களும் உண்டு என்பதால் போன வாரம் இரண்டாவது அட்டையும் எழுதிக் கொடுத்தேன். கூட்ட நேரத்தில் கடைக்காரர் முகம் சுளிக்கிறாராம், அதனால் இப்போது மதியம் இரண்டு மணிக்குப் போகிறார்.

இப்படிக்கு,
இரு பிள்ளைகளின் தாய்,
திருப்பூர்.