பதிலைப் பாதி சொல்லிவிடும் கேள்விகள்

அன்புள்ள தோழிக்கு,

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

மகள் இங்கிலீஷில் பேசிவிடுகிறாள், கேள்வி கேட்கத்தான் திணறுகிறாள் என்று எழுதியிருந்தாய். என் மாலை வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான். "ஹவ் மச் ஹைட் யூ ஆர்?" என்பார்கள். 'எவ்வளவு உயரம்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் வேறெப்படிக் கேட்பார்கள்? ஆங்கிலத்தில் அந்த இடத்தில் உயரம் வராது, உயரமான என்கிற பெயரடைதான் வரும்: "ஹவ் டால் ஆர் யூ?" ஹவ்வும் டாலும் ஒட்டியே இருக்க வேண்டும். இது நாக்கில் படிந்துவிட்டால் ஹவ் டீப், ஹவ் ஹெவி எல்லாம் தானாக வரும்.

சரி, எந்தப் பெயரடையைப் போடுவது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் "ஹவ் ஓல்டு இஸ் த பேபி?" தான். அங்கே ஓல்டு வெறும் வயதைக் கேட்கிறது. "ஹவ் யங்?" என்றால் வயது குறைவு என்று கேட்பவரே முடிவுகட்டிவிட்டார். டால், ஷார்ட் ஜோடியும் அப்படியே.

1973இல் ரிச்சர்டு ஹாரிஸ் என்ற உளவியலாளர் இதைச் சோதித்திருக்கிறார். கூடைப்பந்து வீரர் "ஹவ் டால்?" என்று சிலரிடம் கேட்டார்கள், சராசரியாக 79 அங்குலம் என்று பதில் வந்தது. "ஹவ் ஷார்ட்?" என்று கேட்கப்பட்டவர்கள் சொன்னது 69. ஒரே ஒரு சொல் மாறியதற்குப் பத்து அங்குலம்! அதனால்தான் இதை வெறும் இலக்கணப் பாடமாக நடத்த எனக்கு மனம் வரவில்லை. பரீட்சை முடிந்து வரும் பிள்ளையிடம் "ஹவ் டிஃபிகல்ட் வாஸ் இட்?" என்றால், கஷ்டம் என்ற நினைப்பை நாமே ஊட்டுகிறோம். "ஹவ் வாஸ் இட்?" போதும், மீதியை அவளே சொல்வாள்.

வீட்டில் இஞ்ச் டேப் இருந்தால் அவளிடம் கொடு. கதவு, கட்டில், தண்ணீர்த் தொட்டி என்று அவள் கேட்கட்டும், நீ ஊகித்துச் சொல், பிறகு அவளே அளந்து பார்க்கட்டும். எப்போதும் நாம் கேட்டு அவர்கள் பதில் சொல்வதால்தான் கேள்வி வாயில் வரமாட்டேன் என்கிறது.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாய்தானே? அவளையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் தோழி