குளத்துக்குள் இருக்கும் மைதானம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். ஆச்சிக்கு மட்டும் முழங்கால் வலி விட்டு விட்டு வருகிறது. நீயும் வெளியூர்களில் வேலை பார்க்கும் உன் சேக்காளிகளும் சேர்ந்து, நம் கால்பந்து மன்றத்து மைதானத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, உள்ளே செயற்கைப் புல்தரை விரிப்பதற்குப் பணம் சேர்ப்பதாகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னாய். நான் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது கோபத்தினால் அல்ல. ஊரை மறக்காமல் நீங்கள் இவ்வளவு செய்ய நினைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அந்த மைதானம் நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதை உனக்கு முறையாகச் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனில் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி பிரான்ஸிடம் 1–2 என்ற கணக்கில் தோற்றது. நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. நம் பக்கத்து ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். உன் தாத்தா அப்போது பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். அந்தத் தோல்வியை அவர் கடைசிவரை ஒரு வெற்றியைச் சொல்வது போலத்தான் சொல்வார். பூட்ஸ் வாங்க வழியில்லாத பிள்ளைகளும் ஆடக்கூடிய ஆட்டம் இது என்பதுதான் அவர் மனதில் பதிந்திருந்தது. படிப்பு முடிந்து ஊர் திரும்பியபோது, பள்ளியில் கழித்துப்போட்ட தோல் பந்து ஒன்றைக் கேட்டு வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். மன்றத்தின் முதல் சொத்து அதுதான்.

அந்தப் பந்தை நான் சிறுவனாக இருந்தபோது கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். வெளியே தடித்த தோல், உள்ளே ரப்பர் பிளாடர். காற்றடித்து, பிளாடரின் கழுத்தைச் சணல் நூலால் இறுகக் கட்டி, அதை உள்ளே திணித்து, தோலின் வாயைத் தோல் நாடாவால் பூட்ஸுக்குக் கட்டுவது போலக் கோத்து இழுக்க வேண்டும். நாடா இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் தோல் கிழியும். தாத்தாவின் இடது புருவத்துக்கு மேலே இருந்த தழும்பு அப்படி வந்ததுதான். ஈரத்தில் தோல் நீரைக் குடித்துக் கல்லாகக் கனத்துவிடும் என்பதால், இரவில் விளக்கெண்ணெய் தடவி அடுப்படிப் பரணில் வைப்பார். அதற்காக ஆச்சியிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல.

பந்து வந்துவிட்டது, ஆடுவதற்கு இடம் இல்லை. நம் ஊரில் சமமான வெளி என்று அன்றைக்கு இருந்தவை கோயில் முன்பிருந்த திடலும் மேலத்தெருக்காரர்களின் நெல் களமும் மட்டும்தான். கோயில் திடலில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதற்கு ஊரில் எழுதாத சட்டம் இருந்தது. களத்தில் கீழத்தெருப் பிள்ளைகள் கூலிக்குச் சூடடிக்க வரலாம், விளையாட வர முடியாது. ஒரு சாதிக்காரர் மட்டும் ஆடும் ஆட்டத்துக்கு உன் தாத்தாவுக்கு மனம் ஒப்பவில்லை; பதினோரு பேர் சேர வேண்டுமென்றால் எல்லாத் தெருவும் வேண்டும் என்ற எளிய கணக்கும் அதில் இருந்தது. யாருடைய தெருவுக்கும் சொந்தமில்லாத ஒரே இடம் குளம். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் வந்து நிறையும் நம் குளம், கோடைக்கு முன்பு பிசான நெல் அறுவடை முடிந்ததும் வற்றிவிடும். அப்படி வற்றிய குளத்தின் மேல்கோடியில், சாஸ்தா கோயிலை ஒட்டிய தரையில்தான் முதல் ஆட்டம் நடந்தது. அதனால்தான் இன்றைக்கும் சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கம் நம்மைக் ‘குளத்து டீம்’ என்கிறார்கள்.

முதல் கோடையில் மேலத்தெருப் பையன்கள் வீட்டிலிருந்து தனித்தனியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்களாம். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. தாமே ஒரு பானையையும் ஒரு செம்பையும் கொண்டுவந்து கரைமேட்டு வேம்பின் அடியில் வைத்து, முதலில் கீழத்தெருக்காரர் ஒருவர் குடித்து வைத்த செம்பில் தாம் மொண்டு குடித்தார். ஆச்சியின் வீட்டார் இதற்காகச் சில மாதங்கள் நம் வீட்டுப் படி ஏறவில்லை. மூன்றாம் கோடையில் பானை ஒன்றுதான் இருந்தது. நீ அந்தப் பானையில் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். அதற்கு முன்பு என்ன இருந்தது என்பது உனக்குத் தெரியாமல் போனது ஒரு வகையில் தாத்தாவின் வெற்றி.

குளத்துக்குள் ஆடுவதால் மன்றத்தின் ஆண்டும் குளத்தின் ஆண்டாகவே ஆனது. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிட எங்கெங்கோ இருக்கும் குடும்பங்கள் எல்லாம் சாஸ்தா கோயிலுக்கு வந்து சேரும். மறுநாள் மாலையே போட்டி தொடங்கும். ஜூன் மாதம் கார் நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் கம்பங்களைப் பிடுங்கிக் கோயில் மதிலோரம் சாய்த்துவிடுவோம். ஆனி பிறந்த பிறகும் தண்ணீர் வராத ஆண்டுகளில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றில் ஆட்டம் நடக்கும். அப்போது டாஸில் வென்றவன் கண்ணை மூடிக்கொண்டு மேற்குக் கோலைத்தான் கேட்பான், ஏனென்றால் கோலியின், அதாவது கோல் காப்பவனின், உதையே அடுத்த கோல் வரை பறக்கும்.

கம்பங்கள் அந்நாளில் பனங்கட்டைகள், குறுக்கே மூங்கில். அளவு மட்டும் அணுவளவும் பிசகக் கூடாது என்பார் தாத்தா. வீட்டு உத்தரத்தில் தொங்கும் நார்க்கயிற்றை நீ ஊஞ்சலுக்கு அவிழ்த்து அடி வாங்கியது நினைவிருக்கும். அது வெறும் கயிறு அல்ல. அதன் முழு நீளம் 18 கெஜம், அதாவது பெனால்டி பகுதியின் ஆழம். ஒரு நுனியிலிருந்து 6-ஆவது கெஜத்தில் உள்ள முடிச்சு கோல் பகுதிக்கு, 8-ஆவது கோல் கம்பங்களுக்கு நடுவே உள்ள அகலத்துக்கு, 10-ஆவது நடுவட்டத்துக்கு, 12-ஆவது பெனால்டி புள்ளிக்கு. இன்றைய புத்தகங்களில் 7.32 மீட்டர், 9.15 மீட்டர், 11 மீட்டர் என்று போடுகிறார்களே, அந்தப் பின்னங்கள் எல்லாம் இந்த முழுக் கெஜங்கள்தாம். நார் ஈரத்தில் ஒரு நீளம், வெயிலில் ஒரு நீளம் என்று மாறும் என்பதால், கோடு போடும் அன்று காலையில் தையற்காரரின் டேப்பை வாங்கி ஒவ்வொரு முடிச்சையும் சரிபார்த்த பிறகே சுண்ணாம்பைக் கையில் எடுப்பார். நடுப்புள்ளியில் ஒருவர் நுனியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் 10-ஆவது முடிச்சைப் பிடித்தபடி சுற்றி வந்தால் வட்டம் விழும். எனக்கு ஏழு வயதிலிருந்து நுனியைப் பிடிப்பதுதான் வேலை.

கோப்பைகள் கூடத்து அலமாரியில் இருக்கின்றன, அவற்றைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எழுத வேண்டியது ஒரே ஓர் ஆட்டம். நான் பள்ளிக்கூடம் முடித்த ஆண்டு, கல்லிடைக்குறிச்சி அணியுடன் இறுதிப்போட்டி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஆண்டு கால்வாயில் முன்னதாகவே தண்ணீர் விட்டிருந்தார்கள். கிழக்குக் கோலில் நின்றிருந்த என் காலடியில் முதலில் வெடிப்புகளுக்குள் ‘களக் களக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். வெடிப்புகள் நிறைந்து நுரை தள்ளிக்கொண்டு வந்தது, கூடவே எறும்புகளும் தேள்களும். கால் மணியில் பந்து மிதந்தது. எதிரணியார் மடையை அடைக்கச் சொன்னார்கள். நம் பையன்களும் அதையேதான் சொன்னார்கள், நான் உட்பட. தாத்தா மைதானத்துக்குள் வந்து, “இடத்துக்காரர் வந்துட்டார், நாம வெளியேறணும். மிச்சத்தை அடுத்த பங்குனியில ஆடலாம்” என்றார். அடுத்த பங்குனியில் அதே இருபத்திரண்டு பேரும் கூடி, அதே 1–1 கணக்கிலிருந்து விட்ட இடத்தில் தொடங்கி ஆடினார்கள். நாம் தோற்றோம். ஆனால் அன்று முதல் விவசாயிகள் எவரும் மன்றத்தை ஒரு தொந்தரவாக நினைத்ததில்லை.

1992-ஆம் ஆண்டு எனக்கு இரண்டு விதத்தில் மறக்காது. தன் அணியினர் காலால் பின்னுக்குத் தட்டிவிடும் பந்தைக் கோலி கையால் எடுக்கக் கூடாது என்ற விதி அந்த ஆண்டுதான் வந்தது. முப்பதைத் தாண்டிய நான் காலால் பந்தை அடக்கப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அதே நவம்பரில் தாமிரபரணி வெள்ளம். கம்பங்கள் போயின, ஒரு சாண் உயரத்துக்கு வண்டல் படிந்தது. அடுத்த கோடையில் விவசாயிகள் வண்டி வண்டியாக வண்டலை வயலுக்கு அள்ளிப்போனார்கள். நாங்கள் மீதியை மம்பட்டியால் நிரவினோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை நீ அங்கிருந்து செய்தியில் பார்த்தாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. நம் குளம் அடுத்த சித்திரை வரை வற்றவில்லை. போட்டி நடக்கவில்லை, எவரும் முணுமுணுக்கவும் இல்லை.

இந்தத் தரையின் குறைகள் எனக்குத் தெரியாதவை அல்ல. பாளம் பாளமாக வெடித்துக் கணுக்கால் பிசகும். சீமைக் கருவேல முள் பூட்ஸையும் துளைக்கும். ஆனாலும் நீங்கள் சொல்லும் வேலியும் புல்தரையும் வேண்டாம். அது நீர்நிலைப் புறம்போக்கு. குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. செயற்கைப் புல்லுக்கு அடியில் ஜல்லி நிரப்பி மேடாக்க வேண்டும். அவ்வளவு தண்ணீரைக் குளம் இழக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த பிளாஸ்டிக்கின் மேல் வெறுங்காலை வைக்க முடியாது, நம் பிள்ளைகளில் பாதிப் பேர் இன்னமும் வெறுங்காலுடன்தான் வருகிறார்கள். இவை எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது வேறு. வேலி வந்தால் கதவு வரும், கதவு வந்தால் பூட்டு வரும், சாவி எந்தத் தெருவில் இருப்பது என்ற பேச்சு அன்றைக்கே தொடங்கிவிடும். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நம் ஊரில் அந்தப் பேச்சு இல்லாத ஒரே இடத்துக்கு நம் காசில் பூட்டுப் போட வேண்டாம்.

சேர்த்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். கழற்றி மாட்டும்படியான இரண்டு ஜோடி இரும்புக் கோல் கம்பங்கள் வேண்டும்; அம்பாசமுத்திரத்தில் ஒரு பட்டறையில் விலை கேட்டிருக்கிறேன், அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். முப்பது ஜோடி பூட்ஸ், சிறியவர் அளவிலும் சேர்த்து. கீழத்தெருப் பெண்பிள்ளைகள் ஒன்பது பேர் தினமும் காலையில் வந்து ஆடுகிறார்கள். அவர்கள் வெளியூர்ப் போட்டிகளுக்குப் போய்வர வேன் வாடகை. சேது எஃப்.சி. என்ற மதுரை அணி 2019-இல் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றதை அந்தப் பிள்ளைகளிடம் நான்தான் சொன்னேன். அது முதல் இரண்டு பேர் விடியும் முன்பே குளத்தில் நிற்கிறார்கள்.

உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்பாகவே வந்துவிடு. கயிற்றில் 12-ஆவது முடிச்சு நைந்திருக்கிறது, மாற்றிக் கட்ட வேண்டும். கோடு போட நான் சுற்றி வருவேன், நடுவில் நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும்.

ஆசிகளுடன்,
அப்பா