ஈலியிலிருந்து சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

ஈலி, இங்கிலாந்து
நவம்பர் 9

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நலம். சித்திக்கு முட்டி வலி குறைந்ததா? போன முறை போனில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. "ராஜா தலையையே வெட்டினவங்க, இன்னும் ஏம்மா ராஜாவை வெச்சுக்கிட்டிருக்காங்க?" ரிட்டயர் ஆனாலும் சரித்திர வாத்தியார் வாத்தியார்தான். வார்டில் கூட வேலை பார்ப்பவர்களிடம் கேட்டேன். சிரித்துவிட்டு டீ போடப் போய்விட்டார்கள். அதனால் நானே ஊரைச் சுற்றிப் பார்த்து எழுதுகிறேன்.

வேலை கேம்பிரிட்ஜில். அங்கே வாடகை கட்டுப்படியாகாது என்று ரயிலில் கால் மணி நேரத் தூரத்தில் இந்த ஈலியில் அறை எடுத்திருக்கிறேன். சின்ன ஊர்தான். ஆனால் நடுவில் நிற்கும் பேராலயம் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத உயரம். சுற்றிலும் தட்டையான கறுப்பு மண் வயல்கள். ஒரு காலத்தில் அத்தனையும் சதுப்பு. 1630களில் தொடங்கி, வெர்முய்டன் என்ற டச்சுக்காரரை வைத்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்களாம். மீன் பிடித்தும் நாணல் அறுத்தும் பிழைத்த ஜனங்கள் கலகம் செய்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கம் என்றே நினைப்பீர்கள், நெல்தான் இல்லை.

பேராலயத்தை ஒட்டி மாதாவுக்கென்றே தனியாக ஒரு பெரிய கூடம், 1349இல் கட்டி முடித்தது. சுவர் முழுக்க மாடங்கள், அவற்றில் மாதாவின் கதையைச் சொல்லும் சின்னச் சின்னச் சிற்பங்கள். ஏறக்குறைய ஒன்றுக்கும் தலை இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். உடுப்பின் மடிப்பெல்லாம் அப்படியே இருக்கிறது, கழுத்துக்கு மேலே மட்டும் கரடுமுரடான கல். மடிப்பின் இடுக்குகளில் பழைய சாயம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜன்னல்களில் இருந்த வண்ணக் கண்ணாடியும் போய், இப்போது வெறும் கண்ணாடி வழியே வெளிச்சம் கொட்டுகிறது. வேளாங்கண்ணியில் மாதாவுக்குப் புடவை சாத்தியிருப்பதைப் பார்த்தவளுக்கு இங்கே நிற்கவே ஒரு மாதிரியாக இருந்தது.

இதைச் செய்தது வெளியிலிருந்து வந்த படை இல்லை, சித்தப்பா. எட்டாம் ஹென்றி 1534இல் போப்பை உதறிவிட்டுத் தானே சபைக்குத் தலைவரானார். 1539இல் இங்கிருந்த மடத்தைக் கலைத்தார்கள். 1541இல் சிலைகளை ஒழிக்கச் சொல்லி ஆணையிட்டது இந்த ஊர் பிஷப் தாமஸ் குட்ரிச்சேதான்.

அப்புறம்தான் வேடிக்கை. ஹென்றியின் மகன் எட்வர்டு வந்து லத்தீன் பூசையை எடுத்துவிட்டு 1549இல் ஆங்கில ஜெபப் புத்தகம் கொண்டுவந்தார். 1553இல் அக்கா மேரி வந்ததும் மறுபடி லத்தீன், மறுபடி போப். 1558இல் எலிசபெத், மறுபடி ஆங்கிலம். 1520இல் பிறந்து பாதிரியான ஒருவர் நாற்பது வயதுக்குள் எத்தனை முறை கட்சி மாறியிருக்க வேண்டும், பாருங்கள். மன்னன் எவ்வழி மக்கள் அவ்வழி என்பது இங்கே சட்டமாகவே இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராவிட்டால் 12 பென்னி அபராதம்; கூலிக்காரனுக்கு அது ஒரு நாள் கூலியைவிட அதிகம். 1581க்குப் பிறகு மாதம் 20 பவுன் என்று ஏற்றிவிட்டார்கள்.

மாறாதவர்களின் கதி? வில்லியம் வுல்சி என்ற கான்ஸ்டபிளையும், விஸ்பெக் ஊரிலிருந்து வந்த ராபர்ட் பிகட் என்ற பெயின்டரையும் 1555இல் இதே ஈலியில் உயிரோடு கொளுத்தினார்கள். கத்தோலிக்கப் பூசையை ஏற்கவில்லை என்பது குற்றம். கால் நூற்றாண்டு கழித்து, அதே விஸ்பெக்கின் கோட்டையில் கத்தோலிக்கப் பாதிரிகளைப் பிடித்து அடைத்தார்கள். ஊர் அதுதான், குற்றம்தான் மாறிவிட்டது.

சரி, ராஜாவை எதிர்த்த பார்லிமென்ட் படையின் தளபதியாகி, பிறகு நாட்டையே ஆண்ட உங்கள் ஆள் குரோம்வெல்லுக்கு வருகிறேன். அவர் வீடு என் அறையிலிருந்து நடந்து போகிற தூரம்; மரச்சட்டம் வைத்த பழைய வீடு. தாய்மாமன் சொத்து 1636இல் கைக்கு வர, இங்கே குடிவந்து தசமபாகம், அதாவது விளைச்சலில் சபைக்குச் சேர வேண்டிய பத்தில் ஒரு பங்கு, வசூலித்துக்கொண்டிருந்தார். மெட்ராஸில் கம்பெனிக்காரர்கள் 1639இல் கோட்டைக்கு இடம் வாங்கியபோது எதிர்கால ராஜகொலைகாரர் ஈலியில் வசூல் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தார்! 1644இல், உள்நாட்டுப் போர் நடுவே, பேராலயத்தில் பாடகர் குழு பாடும் வழிபாட்டை நிறுத்தும்படி ஹிட்ச் என்ற குருவுக்குக் கடிதம் எழுதினார். அவர் கேட்கவில்லை. குரோம்வெல் தலையில் தொப்பியோடு உள்ளே புகுந்து கூட்டத்தைக் கலைத்ததாகச் சொல்கிறார்கள்.

1649இல் சார்லஸ் ராஜாவின் தலை போனது. ஆனால் 1658இல் குரோம்வெல் செத்ததும் கட்டிக் காக்க ஆள் இல்லை. 1660இல் தலை போன ராஜாவின் மகன் சார்லஸையே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். 18 வருஷம் லண்டன் டவர் சிறையில் கிடந்த ஈலி பிஷப் மேத்யூ ரென்னும் திரும்பி வந்தார். மறு வருஷம் குரோம்வெல்லின் பிணத்தைத் தோண்டித் தூக்கிலிட்டார்கள், அது வேறு கதை. சார்லஸுக்குப் பின் வந்த தம்பி ஜேம்ஸ் ராஜா கத்தோலிக்கர் என்று 1688இல் அவரையும் விரட்டிவிட்டு, அவர் மகளையும் மருமகனையும் கொண்டுவந்து, அடுத்த வருஷமே உரிமைச் சட்டம் போட்டுக் கையைக் கட்டிவிட்டார்கள். பார்லிமென்டைக் கேட்காமல் வரி போட முடியாத, அமைதிக் காலத்தில் படை வைக்க முடியாத ராஜா. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

இன்றும் ராஜாதான் சபைக்குத் தலைவர், மேலவையில் 26 பிஷப்புகளுக்கு இடம். ஆனால் 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிறிஸ்தவர் என்று எழுதியவர்கள் 46 சதவீதம்தான். டூட்டி சீக்கிரம் முடிந்தால் சாயங்கால வழிபாட்டுக்குப் போய் உட்காருவேன். குரோம்வெல் நிறுத்தச் சொன்ன அந்தப் பாட்டு நன்றாகவே இருக்கிறது. கட்டணமும் கிடையாது.

நீங்கள் சென்னைக்குப் போனால் கோட்டைக்குள் 1680இல் திறந்த செயின்ட் மேரி தேவாலயத்தைப் பாருங்கள். உள்ளே மாதா சிலை இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள். சித்தியிடம் பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்